களஞ்சியத்தின் சாவி

(பொம்மையார்பாளையத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செஞ்சிக் கோட்டையைப் பார்க்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் அநேகமாக யாரும் இருக்கமாட்டீர்கள். இது பொம்மபுர ஆதீனத்தின் ஊர். மயிலம் முருகனைக் கும்பிடப் போகிற குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. மயிலம் வரை போனவர்கள் திண்டிவனம் வந்து, மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் திரும்பினால் முக்கால் மணி நேரத்தில் செஞ்சி. பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலா என்றாலும் முதலில் நினைவுக்கு வருவது அதே செஞ்சிதான். போனோம், மலை ஏறினோம், கல்யாண மகால் முன்னால் நின்று படம் எடுத்தோம், தேசிங்கு ராஜா கதையைக் கேட்டோம், திரும்பினோம். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

அந்தக் கல்யாண மகாலைத் தாண்டிச் சில அடிகள் வைத்தால் வருகிற ஒரு கட்டடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அது நெற்களஞ்சியம். அதற்குள் நுழைந்து அரை நிமிடம் நின்று, வௌவால் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிடுகிறவர்களே அதிகம். ஆனால் அந்தக் கோட்டையில் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லக்கூடிய கட்டடம் அது ஒன்றுதான் என்பது என் கருத்து. மதிலும் அகழியும் பீரங்கியும் எதைக் காப்பதற்காக? கஜானாவை என்று சொல்வோம், ராஜாவை என்று சொல்வோம். அந்த ராஜா மதிலுக்குள் எத்தனை மாதம் இருக்க முடியும் என்பதை முடிவு செய்தது அந்த இருட்டு அறைக்குள் கிடந்த நெல்.

முதலில் இடத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் இணைத்து ஓடுகிற மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளம். அதற்குள் அடங்கும் பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சியை நெருங்கும் இடத்தில் மலையே இரண்டாகப் பிளந்து நிற்கும். பிளவுக்குக் குறுக்கே ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் நெருங்க முடியாது. ஆனந்தக் கோன் என்ற இடையர் குலத் தலைவர் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மலையில் கோட்டையைத் தொடங்கினார் என்பது இந்த வட்டாரத்து வழிவழிச் செய்தி. கிருஷ்ணகிரிக்குப் பெயர் கொடுத்தது கிருஷ்ணக் கோன் என்பார்கள். பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள், 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர்ப் படை, 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இத்தனை கை மாறிய கோட்டை தமிழகத்தில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

வந்த ஒவ்வொருவரும் எதையாவது இடித்தார்கள், எதையாவது கட்டினார்கள். களஞ்சியங்களை மட்டும் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். கீழ்க்கோட்டையில் ஒன்று. ராஜகிரி உச்சியில், ரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும் இருக்கும் இடத்தில் ஒன்று. கிருஷ்ணகிரி மேலே இரண்டு. அங்கேயே பாறையை ஒட்டி எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று காட்டுவார்கள். கவனித்தீர்களா? மலையடிவாரத்தில் ஒரு கையிருப்பு, உச்சியில் ஒரு கையிருப்பு. கீழ்க்கோட்டை பறிபோனாலும் மேலே ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு சாப்பிட நெல்லும், விளக்குக்கும் சமையலுக்கும் எண்ணெயும், குடிக்கச் சுனைநீரும் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். சண்டை போடத் தெரிந்தவன் போட்ட கணக்கு அல்ல இது. வீட்டில் அரிசிப் பானையைத் தட்டிப் பார்த்து மாதக் கடைசி வரை வருமா என்று யோசிக்கத் தெரிந்தவன் போட்ட கணக்கு.

கீழ்க்களஞ்சியத்துக்குள் போவோம். வாசலில் நிற்கும்போதே சுவரின் கனம் தெரியும். கூரை தட்டையாக இல்லை. வளைவாக, மேலே குவிந்து மூடுகிற கட்டு. மரச்சட்டம் கிடையாது. மரம் இல்லாததால் கரையான் இல்லை, தீ பிடிக்க எதுவும் இல்லை. சுண்ணாம்புச் சாந்து பூசிய உட்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். இன்னும் சில இடங்களில் வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பு அழகுக்காக வைத்தது அல்ல. வெடிப்பு இருந்தால் அதில் வண்டு முட்டையிடும், எலி பல் வைக்கும். வெளியே சித்திரை வெயில் பாறையைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். உள்ளே காலடியில் குளிர்ச்சி. பேசினால் குரல் சுற்றி வந்து நம் காதிலேயே விழும்.

நெல்லுக்கு உயிர் உண்டு. விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுத்து அடித்துக் குவித்த பிறகும் அது மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. ஈரம் இருந்தால் மூச்சு அதிகமாகும். மூச்சு அதிகமானால் சூடு ஏறும். சூடு ஏறினால் பூஞ்சை, முளைப்பு, கெட்ட வாடை. குவியலுக்குள் கையை விட்டால் சுடும். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருந்தால் நெல் நீண்ட நாள் தாங்கும் என்று இன்றைக்கு இயந்திரம் வைத்து அளந்து சொல்கிறார்கள். அன்றைக்கு ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்ப்பார்கள். ‘டக்’கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னும் வெயில் காட்டணும். நம் வீடுகளில் தொம்பையும் குதிரும் நிரப்புவதற்கு முன்னால் அந்தக் கடியைக் கடிக்காத பெரியவர் யாரும் இருந்திருக்கமாட்டார். வேப்பிலையும் நொச்சித் தழையும் இடையிடையே போட்டு, மேலே மண்ணும் சாணியும் குழைத்து மூடிப் பூசி வைப்பார்கள். செஞ்சிக் களஞ்சியம் அதே அறிவு பெரிய அளவில் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நிற்பதுதான்.

1597இல் நிக்கோலாஸ் பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் அவரை வரவேற்றார். இந்தியாவில் தான் பார்த்த நகரங்களிலேயே பெரியது இது, போர்ச்சுகலில் லிஸ்பனை விட்டால் இதற்கு ஈடு கிடையாது என்ற பொருளில் அவர் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஊர் தினம் இரண்டு வேளை உலை வைத்தது. அத்தனை பேருக்கும் ஒரு பருவத்து நெல்லை அடுத்த பருவம் வரை கெடாமல் கொண்டுபோவதுதான் அரசாங்கம் என்பதன் முதல் வேலையாக இருந்திருக்கும்.

இந்தக் களஞ்சியங்களின் பலம் சோதனைக்கு வந்தது 1690இல். சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயரிடமிருந்து தப்பி 1689இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டிய அரசே அப்போது இந்த மலைகளின் மீதுதான் இருந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் அடுத்த ஆண்டு வந்து வளைத்தார். அந்த முற்றுகை 1698 தொடக்கம் வரை இழுத்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேல்! இன்றைய பிள்ளை ஒன்று முதல் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்புக்கு வருகிற காலம்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பட்டினி கிடக்க வேண்டியது உள்ளே இருப்பவர்கள். முற்றுகை என்பதே அதற்காகத்தான். செஞ்சியில் தலைகீழாக நடந்தது. மதிலின் சுற்றளவு பெரியது, முழுமையாக அடைக்க ஆள் போதவில்லை. உள்ளே கையிருப்பு இருந்தது, வெளியிலிருந்தும் ஏதோ ஒரு வழியாக வந்துகொண்டிருந்தது. வெளியே கூடாரம் அடித்திருந்த முகலாயப் படைக்கோ தானியம் வந்தவாசிப் பக்கமிருந்து வண்டியிலும் எருதிலும் வர வேண்டும். 1692ஆம் ஆண்டின் முடிவில் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் வந்து அந்த வழியை அறுத்தார்கள். முகலாயப் பாளையத்தில் பஞ்சம். பேரரசின் படை, உலகத்திலேயே பணக்கார அரசன் ஒருவனின் படை, சோற்றுக்கு வழியில்லாமல் 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கியது. அந்தப் படையில் இருந்த பீம்சேன் என்ற அதிகாரி பாரசீக மொழியில் தன் நினைவுகளை எழுதியிருக்கிறார். அந்த நாட்களின் தவிப்பை உள்ளிருந்து பார்த்தவர் அவர்.

பிறகு சுல்பிகர் கான் திரும்பி வந்தார், 1698இல் கோட்டையைப் பிடித்தார், ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். அதெல்லாம் உங்களுக்குப் பாடப் புத்தகத்தில் கிடைக்கும். பீரங்கிகளின் எண்ணிக்கையை வைத்து இந்த முற்றுகையைப் பேசுகிறவர்கள் நிறைய. நெல்லை வைத்துப் பேசுகிறவர்கள் குறைவு. அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொன்னேன்.

இனி நான் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். அந்தக் களஞ்சியத்து நெல் யாருடையது? வராக நதியைச் சுற்றிய வயல்களிலும், சுற்றுப்பட்டு ஏரிப் பாசனத்திலும் விளைந்த நெல். உழுதவன் வெளியே இருந்தான். அவன் கொடுத்த வாரம் மதிலுக்குள் போயிற்று. அதே ஏழு ஆண்டு முற்றுகையில் இரண்டு படைகளும் சுற்றியிருந்த கிராமங்களைச் சூறையாடித்தான் தின்றன. மலைமேல் நெல் இருந்ததால் கோட்டை பிழைத்தது. விளைவித்தவன் வீட்டுக் குதிர் காலியாயிற்று. களஞ்சியம் எவ்வளவு பெரியது, எவ்வளவு உறுதியானது என்று பார்த்து வியக்கிறோம். சாவி யார் கையில் இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு வேறு மாதிரி விடை கண்ட மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், மொராக்கோவில், அட்லஸ் மலைத்தொடரின் தெற்குக் கிளையில். அமாசிக் மக்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். நம் பழைய பாடப் புத்தகங்களில் பெர்பர் என்று இருக்கும். இபன் பதூதா பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்த இனத்தில் பிறந்தவர்தான். 14ஆம் நூற்றாண்டில் நம் கிழக்குக் கரையில் வந்து இறங்கி, மதுரைச் சுல்தானின் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போனார். ஆகவே இரண்டு நாட்டுக்கும் பழக்கம் புதிது அல்ல.

அந்த மலையில் மழை நம்ப முடியாதது. சில ஆண்டுகள் வாற்கோதுமை நன்றாக விளையும், பிறகு தொடர்ந்து பொய்க்கும். மக்களில் பலர் ஆட்டை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். தானியத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் கொள்ளை போகும். அதனால் ஊர் கூடி, மலை உச்சியிலோ செங்குத்தான பாறை விளிம்பிலோ ஒரு கோட்டை கட்டிக்கொண்டது. அந்தக் கோட்டைக்குள் ராஜா கிடையாது, அரண்மனை கிடையாது. முழுவதும் தானிய அறைகள்தான். அகாதிர் என்று அதற்குப் பெயர். அதே பெயரில் ஒரு பெரிய துறைமுக நகரமும் அங்கே உண்டு.

அம்தூதி என்ற ஊரில் உள்ள அகாதிர் ஒரு தனிப் பாறைமலையின் தலையில் இருக்கிறது. கழுதையும் ஆளும் வளைந்து வளைந்து ஏறுகிற பாதை ஒன்றுதான் வழி. மேலே காவல் கோபுரங்கள், மழைநீர்த் தொட்டி. உள்ளே நுழைந்தால் ஒரு குறுகலான சந்து. இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக அறைகள். மேல் அறைக்கு ஏணி கிடையாது. சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் தட்டைக் கற்களில் கால் வைத்து ஏற வேண்டும், கையில் மூட்டையோடு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு குட்டி மரக்கதவு, மரப் பூட்டு, மரத்திலேயே செய்த சாவி. கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு ஓட்டை. பூனை போய் வருவதற்கு! எலி பிடிக்கிற பூனைக்கு எல்லா அறைக்குள்ளும் போக உரிமை உண்டு. மனிதனுக்கு அவனவன் அறைக்குள் மட்டும்தான்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அறை. அதன் சாவி அந்தக் குடும்பத்திடம். வாற்கோதுமை, பாதாம், எண்ணெய் மட்டுமல்ல. நிலப் பத்திரம், கல்யாண ஒப்பந்தம், பெண்ணின் வெள்ளி நகை எல்லாம் அங்கேதான். வெளிவாசல் சாவி ஊர் நியமித்த காவலரிடம். அவருக்குக் கூலி தானியமாகவே அளந்தார்கள். எப்போது திறப்பது, கதவை உடைத்தால் என்ன அபராதம், உள்ளே சண்டை போட்டால் என்ன அபராதம், காவலர் தவறினால் என்ன என்றெல்லாம் விதிகளை ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிவு செய்து, மரப்பலகையில் எழுதி வைத்தார்கள். அகாதிருக்குள் திருடுவது கோயிலில் திருடுவதற்குச் சமமான பாவம். பகை கொண்ட குடிகள்கூட அதன் வாசலில் ஆயுதத்தை அடக்கின.

துனிசியாவில், லிபியாவில் இதன் உறவுக்காரக் கட்டடங்கள் உண்டு. துனிசியாவின் தெற்கே தேன்கூடு மாதிரி நான்கு அடுக்கு வரை எழும்பிய தானிய அறைகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். லிபியாவின் நபூசா மலையடிவாரத்தில் கஸ்ர் அல்-ஹாஜ் என்ற வட்டக் களஞ்சியத்தில் 114 அறைகள். திருக்குர்ஆனின் அத்தியாயங்கள் எத்தனையோ அத்தனை என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். அதே மலையில் நாலூத் என்ற ஊரில் சுமார் 400 அறைகள். இவற்றில் பல இன்று இடிந்து கிடக்கின்றன. சந்தையும் சாலையும் வந்த பிறகு தேவை குறைந்தது. மொராக்கோவில் பிரெஞ்சு ஆட்சி 1930களில் அட்லஸ் மலைகளை முழுதாகத் தன் பிடிக்குள் கொண்டுவந்த பிறகு ஊர்ச்சபையின் அதிகாரமும் போயிற்று. ஆனாலும் சிலவற்றை மீட்டிருக்கிறார்கள். சலீமா நாஜி என்ற மொராக்கோக் கட்டடக் கலைஞர், மானிடவியலும் படித்தவர், பழைய கொத்தனார்களைத் தேடிப்பிடித்து, அந்தந்த ஊர்க் கல்லும் மண்ணும் மரமும் கொண்டே பல அகாதிர்களைப் பழுது பார்த்தார். சிமெண்டைக் கிட்ட விடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்புவேன்.

செஞ்சியில் ஒரே சாவி, அது அரசனிடம். அகாதிரில் வீட்டுக்கு ஒரு சாவி, ஊருக்கு ஒரு சாவி. நம்மிடம் இந்த இரண்டாவது முறை இல்லையா என்றால், இருந்தது. கோயில் அந்த வேலையைச் செய்தது. பாபநாசம் பக்கத்தில் திருப்பாலைத்துறை என்ற ஊர். பாலைவனநாதர் கோயிலில் வட்ட வடிவத்தில், கூம்பு முகட்டோடு, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய ஒரு களஞ்சியம் இன்றும் நிற்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கர் காலம், அதாவது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம். 3,000 கலம் நெல் கொள்ளும் என்கிறார்கள். மேலே உள்ள திறப்பில் கொட்டினால், கீழே உள்ள திறப்பில் எடுக்கலாம். முதலில் போட்டது முதலில் வெளியே வரும், பழைய நெல் அடியில் தேங்காது. ஸ்ரீரங்கத்திலும் இப்படிப் பெருத்த வட்டக் களஞ்சியங்கள் உண்டு. சோழர் காலத்தில் கோயில் பண்டாரத்திலிருந்து ஊர்ச்சபைகள் கடன் வாங்கியதையும் வட்டி நெல்லாக அளந்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் அளக்கிற மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரையே வைத்திருந்தார்கள். அளவில் கை வைத்தால் சாமி பெயரில் கை வைத்ததாக ஆகிவிடும் அல்லவா!

அதற்காக அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பசி தீர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. கோயில் நெல் எந்தத் தெருவுக்கு வந்தது, எந்தச் சேரிக்கு வரவில்லை என்பது நமக்குத் தெரியும். சபையில் உட்கார்ந்தவர்கள் யார் என்பதும் தெரியும். ஆனால் சேமிப்பை ஊர் அருகில் வைக்க வேண்டும், அதற்கு எழுதிவைத்த கணக்கு வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் இருந்தது. அதை மறுக்க முடியாது. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம்கூட, பண்டகசாலையில் சேர்வதில் பாதியை மக்களின் ஆபத்துக் காலத்துக்கு ஒதுக்கி வை, மீதியைச் செலவழி, பழையதை எடுத்துப் புதியதை வை என்றுதான் சொல்கிறது.

அந்த எண்ணம் உடைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பாட்டன்மார் சாட்சி. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரிகள் கிடங்கில் தானியம் இருந்தது. துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியதும் உண்டு. விலை ஏறியது, வாங்கக் காசு இல்லை. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். மரக்காணம் வரை வருகிற பக்கிங்காம் கால்வாயை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமந்தவர்கள் வெட்டிய பகுதியும் அதில் உண்டு. சென்னையில் அடையாறு ஆற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877, 78இல் அப்படி வெட்டியதுதான். நெல் ஓர் இடத்தில், வயிறு ஓர் இடத்தில், சாவி மூன்றாவது ஓர் இடத்தில் இருந்த காலம் அது.

அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே வங்காளத்தில் 1770ஆம் ஆண்டுப் பஞ்சம் வந்தபோது ஆங்கிலேய அரசு பயந்துபோய், பாட்னாவில் கோல்கர் என்ற பிரம்மாண்டமான வட்டக் களஞ்சியத்தைக் கட்டியது. 1786இல் கட்டி முடித்தார்கள். இன்றைக்கும் நிற்கிறது.   ஊரைக் கேட்காமல் மேலிருந்து கட்டுகிற களஞ்சியத்துக்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு வருவோம். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14ஆம் தேதி, நம் பொங்கல் நாளில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டுதான் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். இந்த நாடு பஞ்சத்தை வென்றதில் அந்தக் கிடங்குகளுக்கும், 1972இல் வந்த தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கும், ரேஷன் கடைக்கும் பெரிய பங்கு உண்டு. நன்றியோடுதான் சொல்கிறேன். என் தலைமுறைக்குத் தாது வருஷம் கதையாக மட்டுமே தெரியும் என்றால் அதற்கு அவைதான் காரணம்.

ஆனால் ஒவ்வொரு அறுவடையிலும் என்ன பார்க்கிறோம்? கொள்முதல் நிலையத்து வாசலில், சாலை ஓரத்தில், திறந்த வெளியில் மூட்டைகள். தார்ப்பாய் போதவில்லை. பருவம் தவறி ஒரு மழை. மறுநாள் சாக்கைப் பிரித்தால் வெள்ளையாக முளை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் எடுக்கமாட்டோம் என்பது விதி; காய வைக்கக் களம் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. செஞ்சியில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் வரத்து சுற்றுவட்டாரத்திலேயே பெரிது. அறுவடைக் காலத்தில் அங்கே நின்று மேற்கே பார்த்தால் கோட்டை மதில் தெரியும். நூற்றாண்டுகளுக்கு முன்னால் வளைகூரை போட்டு, தரையை உயர்த்தி, சுவரை வழவழப்பாகப் பூசி நெல்லைக் காத்த ஊர் அது. அந்த ஊருக்கு வருகிற நெல் மழையில் நனையலாமா? மரக்காணத்து உப்பளத்தில்கூட உப்பு அம்பாரத்துக்குப் பனையோலை வேய்ந்து மூடுகிறார்கள். விளைந்ததை மூடி வைப்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியாத வித்தை அல்ல.

பெரிய பெரிய கிடங்குகளைத் தொலைவில் கட்டுவதால் மட்டும் இது தீராது என்பது என் முடிவு. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் ஒரு கூரை, ஒரு உலர்களம், கணக்கைப் பார்க்க ஊராருக்கு உரிமை. இவை மூன்றும் இருந்தால் போதும். அகாதிரில் அமாசிக் குடியானவன் செய்துவைத்தது இதைத்தான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. மகிழ்ச்சிதான். இனிக் கூட்டம் வரும், பணமும் வரும். பணம் வரும்போது ஆபத்தும் வரும். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரையே தின்றுவிடும். மொராக்கோவில் ஊர்க்கல்லும் ஊர்மண்ணும் ஊர்க்கொத்தனாரும் வைத்துப் பழுது பார்த்ததைச் சொன்னேனே, அந்த வழிதான் இங்கேயும் வேண்டும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கைகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்களைக் கூப்பிட வேண்டும்.

பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. அடுத்த முறை செஞ்சிக்குப் போகும்போது மலை ஏறுவதற்கு முன்னால் கீழ்க்களஞ்சியத்துக்குப் போங்கள். கண் இருட்டுக்குப் பழகும் வரை நில்லுங்கள். கூரை எப்படி வளைகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, தரை வெளியை விட எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஒரு நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். சுவரில் பெயர் எழுதாதீர்கள். எழுதுகிற சிநேகிதனைத் தடுத்து நிறுத்துங்கள். பிறகு உச்சிக்கு ஏறி அங்கே இருக்கும் களஞ்சியத்தையும் பார்த்து, இத்தனை நெல்லை இந்தப் படிகளில் தலைச்சுமையாக ஏற்றியவர்கள் யார் என்று யோசியுங்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பெரியவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தொம்பை, குதிர், அடுக்குப்பானை, விதை கட்டி வைத்த சுரைக்குடுவை ஏதாவது மிச்சம் இருந்தால் பழைய சாமான் என்று போட்டுவிடாதீர்கள். அதில் எதை எப்படிச் சேமித்தார்கள் என்று தெரிந்த பாட்டி யாராவது இருந்தால் இந்த மாதமே உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். கருவாடு காயவைத்து மூடிவைக்கிற முறையும் அதில் சேரட்டும். கடற்கரைச் சேமிப்பும் சேமிப்புதான். இரண்டாவது, செஞ்சிக் களஞ்சியங்கள் ஒவ்வொன்றின் வாசலிலும், அது எந்தக் காலத்தது, எப்படி வேலை செய்தது, அந்த நெல்லை விளைவித்தவர்கள் யார் என்று தமிழில் விளக்கிச் சொல்லும் ஒரு பலகை வேண்டும் என்று ஊர் சார்பில் தொல்லியல் துறைக்கு ஒரு மனு எழுதுவோம். மனுவை எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வந்து கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.